ஆபத்தை அளத்தலும் ஆளை விலக்கலும்: முடியுருநாடிச் சிகிச்சைக்கு முந்திய இடர்க்கணிப்புப் பற்றி

1

நோயாளி ஒருவரின் வயது, குருதியமுக்கம், சிறுநீரகத்தின் தொழிற்பாடு, இதயத்தின் வலு ஆகியவற்றை எண்களாக்கி, அவற்றை ஒருங்குசேர்த்து, குறித்த சிகிச்சையைச் செய்தால் அவர் இறப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை என முன்கூட்டியே கூறும் முறை இன்றைய மருத்துவத்தில் வேரூன்றிவிட்டது. முடியுருநாடியில் ஏற்படும் ஒடுக்கத்தை விரித்து ஸ்ரென்ற் பொருத்தும் சிகிச்சையிலே இம்முறை ஆழமாக இடம்பெற்றுள்ளது. இதனை அறிவியலின் வெற்றியென வரவேற்போர் ஒரு சாரார். மருத்துவனின் பட்டறிவை எண்கணிதத்துக்கு அடிமையாக்கும் முயற்சியென வெறுப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பெரும்பாலும் கேட்கத் தவறும் வினா ஒன்றுண்டு. இந்த எண் யாருக்காகக் கணிக்கப்படுகின்றது என்பதே அது. நோயாளிக்காகவா, அன்றி அவருக்குச் சிகிச்சை செய்பவரை மதிப்பிடுவோருக்காகவா? இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடையில் உயிர்கள் தங்கியுள்ளன.

இதயத்தசைக்குக் குருதியை வழங்கும் முடியுருநாடிகளிலே கொழுப்புப் படிந்து ஒடுக்கம் ஏற்படும்போது நெஞ்சுவலி தோன்றுகின்றது. நாடி முற்றாக அடைபடும்போது மாரடைப்பு நிகழ்கின்றது. 1977 செப்ரெம்பர் 16 ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே அந்திரேயாஸ் குருன்ற்சிக் என்னும் மருத்துவர், மெல்லிய குழாயொன்றை நாடிவழியே இதயம்வரை செலுத்தி, அதன் நுனியிலிருந்த பலூனை விரித்து, 38 வயதான ஒருவரின் ஒடுங்கிய முடியுருநாடியை அகலச் செய்தார். விரித்த நாடி மீண்டும் ஒடுங்காதிருக்கும்பொருட்டு உலோக வலைக்குழாயொன்றை உள்ளே நிலைநிறுத்தும் முறை 1986 இல் பிரான்சிலே ஜாக் பியுவெல், சுவிற்சர்லாந்திலே உல்ரிக் சிக்வாற் ஆகியோரால் மனிதரிற் கையாளப்பட்டது. இவ்வலைக்குழாயே ஸ்ரென்ற் எனப்படுவது.

நெஞ்சைப் பிளக்காது செய்யப்படும் இச்சிகிச்சை எளிமையானதுபோலத் தோன்றினும் ஆபத்தற்றதன்று. நாடி கிழியலாம், குழாய் செலுத்திய இடத்திற் குருதி பெருகலாம், எக்ஸ்-கதிர்ப் படத்துக்காகச் செலுத்தப்படும் நிறமருந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம், பாரிசவாதம் ஏற்படலாம், நோயாளி சிகிச்சை மேசையிலேயே இறக்கவுங் கூடும். இவ்வாபத்துகள் எல்லோருக்கும் ஒரே அளவின அல்ல. ஆகவே யாருக்கு எவ்வளவு என முன்னரே அறிய முயல்வது நியாயமான முயற்சியே. அம்முயற்சியின் பயனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பயன் எங்ஙனம் திரிபடைந்தது என்பதை எடுத்துக்காட்டுவதே நோக்கமாகும்.

2

இடர்ப்புள்ளி எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஆயிரக்கணக்கான நோயாளரின் விபரங்கள் பதிவேட்டிற் சேர்க்கப்படுகின்றன. அவர்களுள் இறந்தோர் யார், பிழைத்தோர் யார் என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. இறந்தோரிடத்து மிகுதியாகக் காணப்பட்ட இயல்புகள் எவையெனப் புள்ளிவிபரவியல் முறைகளாற் கண்டறியப்பட்டு, ஒவ்வோர் இயல்புக்கும் அதன் வலுவுக்கேற்பப் புள்ளி வழங்கப்படுகின்றது. மேயோ மருத்துவ நிலையத்தார் 2007 இல் வெளியிட்ட முறை ஏழு விபரங்களை மட்டுமே கேட்கின்றது: வயது, குருதியிலுள்ள கிரியேற்றினின் அளவு, இடது இதயவறை குருதியைத் தள்ளும் வலு, 24 மணிநேரத்துள் மாரடைப்பு நிகழ்ந்ததா என்பது, அதிர்ச்சிநிலை, இதயச் செயலிழப்பு, புறநாடிகளில் நோய். இவ்வேழும் குழாய் செலுத்துவதற்கு முன்னரே அறியப்படக்கூடியவை.

அமெரிக்க இதயநோயியற் கல்லூரியின் தேசியப் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டு 2010 இல் வெளிவந்த ஆய்வு, 2004 முதல் 2007 வரையிலான 588,398 சிகிச்சைகளை ஆராய்ந்தது. வைத்தியசாலையில் நிகழ்ந்த இறப்பு மொத்தத்தில் 1.27 சதவீதமாகும். முன்னரே நாள் குறித்துச் செய்யப்பட்ட சிகிச்சைகளில் அது 0.65 சதவீதம், நாடி முற்றாக அடைபட்ட கடும் மாரடைப்பிலோ 4.81 சதவீதம். சராசரி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்துணை வேறுபட்ட நிலைமைகள் மறைந்துகிடக்கின்றன என்பதை இவ்வெண்கள் புலப்படுத்துகின்றன.

ஆயின், இவ்வகைக் கணிப்புக்கு இயல்பாகவே அமைந்த எல்லைகள் மூன்றுள்ளன. முதலாவது, அது கூட்டத்தைப் பற்றியே பேசுகின்றது, தனியாளைப் பற்றியன்று. "நூற்றுக்கு ஐந்து" என்றால், இவரைப் போன்ற நூறு பேரிலே ஐவர் இறப்பர் என்பதே பொருள். இவர் அந்த ஐவருள் ஒருவரா என்பதை எண் கூறாது. இரண்டாவது, பதிவேட்டில் இடம்பெற்றோர் யாவரும் சிகிச்சை பெற்றவர்களே. சிகிச்சைக்கு எடுக்கப்படாது திருப்பியனுப்பப்பட்டோர் அவ்வேட்டில் இல்லை. அவர்களுக்கு என்ன நேர்ந்ததென்பதை அந்த ஏடு அறியாது.

மூன்றாவது எல்லையே முதன்மையானது. இடர்ப்புள்ளி, "சிகிச்சையைச் செய்தால் இறக்கும் வாய்ப்பு என்ன?" என்ற வினாவுக்கு மட்டுமே விடையளிக்கின்றது. "செய்யாதுவிட்டால் இறக்கும் வாய்ப்பு என்ன?" என்ற வினாவை அது எழுப்புவதேயில்லை. கட்டிலிற் கிடக்கும் நோயாளிக்கோ இவ்விரு வினாக்களும் பிரிக்கவியலாதவை. செய்தால் நூற்றுக்கு ஐம்பது, செய்யாவிட்டால் நூற்றுக்கு அறுபத்துமூன்று என்ற நிலையிலுள்ள ஒருவருக்கு ஐம்பது என்பது பேராபத்து மட்டுமன்று. கிடைக்கக்கூடிய வழிகளுட் சிறந்ததும் அதுவே. பாதி வினாவுக்குரிய விடையை முழு வினாவுக்குரிய விடையாகக் கொள்வதிலிருந்தே பிற்காலக் கேடுகள் யாவும் தோன்றின எனலாம்.

3

இக்கேடு கண்கூடாகப் புலப்பட்ட இடம் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலமாகும். அம்மாநிலச் சுகாதாரத் திணைக்களம் 1989 முதல் பைபாஸ் சத்திரசிகிச்சை பற்றிய விபரங்களை முறையாகத் திரட்டி, நோயாளரின் இடர்நிலைக்கேற்பச் சீராக்கப்பட்ட இறப்பு வீதங்களை வைத்தியசாலைவாரியாக வெளியிடத் தொடங்கியது. நியூஸ்டே என்னும் நாளிதழ் தொடுத்த வழக்கின் விளைவாக 1991 இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஒவ்வொருவரினதும் இறப்பு வீதம் பெயருடன் வெளிவந்தது. 1990களில் இதே முறை பலூன், ஸ்ரென்ற் சிகிச்சைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பென்சில்வேனியா, மசச்சூசெற்ஸ் ஆகிய மாநிலங்களும் இத்தகைய அறிக்கைகளை வெளியிட்டன.

இத்திட்டத்தின் ஆதரவாளர் முன்வைத்த வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. வைத்தியசாலைகளின் குறைகள் மூடிய கதவுகளுக்குள் மறைக்கப்படலாகாது. பொதுமக்களின் பணத்தில் இயங்குவோர் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும். ஒப்பீடு வெளிவருமாயின் பின்தங்கியோர் தம்மைத் திருத்திக்கொள்வர் என்பதே அவ்வாதம். இதற்குச் சான்றாக, நியூயோர்க்கிலே பைபாஸ் சத்திரசிகிச்சையின் சீராக்கப்பட்ட இறப்பு வீதம் 1989 இல் 4.17 சதவீதமாயிருந்து 1992 இல் 2.45 சதவீதமாகக் குறைந்தமை எடுத்துக்காட்டப்பட்டது.

கணக்குக் காட்டப்படவேண்டும் என்பதில் மாறுபாடில்லை. பிரித்தானியாவின் பிறிஸ்ரல் நகர வைத்தியசாலையிலே குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இதயச் சத்திரசிகிச்சை பற்றி விசாரித்த குழுவின் 2001 ஆம் ஆண்டு அறிக்கை, 1991 முதல் 1995 வரையிலான காலத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் எதிர்பார்க்கத்தக்க தொகையிலும் 30 முதல் 35 வரையானோர் மேலதிகமாக இறந்தனர் என மதிப்பிட்டது. மௌனம் எத்துணைக் கொடியது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் மௌனம் தீங்கானது என்பதிலிருந்து எவ்வகைக் கணக்கும் நன்மையானதே என்ற முடிவு பெறப்படமாட்டாது. எதை எண்ணுவது, எதை எண்ணாதுவிடுவது என்பதே கணக்கின் அறத்தைத் தீர்மானிக்கின்றது.

நியூயோர்க்கின் வெற்றிக் கணக்கிற்கூட ஐயத்துக்கு இடமிருந்தது. 1989 இற்கும் 1991 இற்குமிடையில் பைபாஸ் நோயாளரிடையே நாட்பட்ட சுவாசநோய் உள்ளதெனப் பதியப்பட்டோர் 6.9 சதவீதத்திலிருந்து 17.4 சதவீதமாக உயர்ந்தனர் என 1995 இல் வெளிவந்த ஆய்வொன்று சுட்டிக்காட்டியது. இரண்டாண்டுகளில் ஒரு மாநிலத்து மக்களின் நுரையீரல் இவ்வாறு நலிவுற்றிருக்க முடியாது. மாறியது பதிவேயாகும். நோயாளியின் இடர் பெரிதெனப் பதியப்பட்டால், இறப்பு நேரினும் வைத்தியரின் சீராக்கப்பட்ட வீதம் பெரிதும் பாதிக்கப்படமாட்டாது. அவதானமாகப் பதிதலும் தாராளமாகப் பதிதலும் எங்கே பிரிகின்றன என்பதை எண்களைப் பார்த்து அறிதல் அரிது.

4

பதிவு மாறியமை சிறு தீங்கு. ஆள் மாறியமையே பெருந் தீங்கு. 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் ஸ்ரென்ற், பலூன் சிகிச்சை பெற்றோரை நியூயோர்க்கிலும், அத்தகைய அறிக்கை வெளியிடப்படாத மிச்சிகன் மாநில வைத்தியசாலைகள் எட்டிலும் ஒப்பிட்ட ஆய்வு 2005 இல் வெளிவந்தது. மாரடைப்புக்காகச் சிகிச்சைக்கு எடுக்கப்பட்டோர் மிச்சிகனில் 14.4 சதவீதம், நியூயோர்க்கில் 8.7 சதவீதம். இதயம் குருதியைத் தள்ளும் வலுவிழந்து குருதியமுக்கம் வீழ்ந்துபோன அதிர்ச்சிநிலையிலே எடுக்கப்பட்டோர் மிச்சிகனில் 2.56 சதவீதம், நியூயோர்க்கில் 0.38 சதவீதம் மட்டுமே. இறப்பு வீதத்தை மேலோட்டமாக நோக்குமிடத்து நியூயோர்க்கில் அது 0.83, மிச்சிகனில் 1.54. அறிக்கையை மட்டும் வாசிப்பவர் நியூயோர்க்கே சிறந்ததெனக் கொள்வர். நோயாளரின் இடர்நிலையைச் சீராக்கிப் பார்த்தபோதோ இரண்டுக்குமிடையே கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நியூயோர்க்கின் குறைந்த இறப்பு வீதம் கைத்திறனின் விளைவன்று. நோயாளர் தெரிவின் விளைவே என்பது இதனாற் பெறப்படும்.

அதே 2005 இல் நியூயோர்க்கின் இதயநோய்ச் சிகிச்சை நிபுணரிடம் நடத்தப்பட்ட கருத்தாய்விலே, இறப்பு வீதங்களின் வெளியீடு சில நோயாளருக்குச் சிகிச்சை செய்வதா விடுவதா என்ற தம் முடிவைப் பாதித்ததென 79 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டனர். பயன்பெறக்கூடிய நோயாளர் இவ்வெளியீட்டின் காரணமாகச் சிகிச்சை பெறாதுபோகக்கூடும் என 83 சதவீதத்தினர் கருதினர். இக்கூற்றுகள் அவர்கள் தமக்குச் சாதகமாகக் கூறியவை என ஒதுக்கிவிட முடியாது. தன் நோயாளியைத் தன் பெயருக்காகக் கைவிட்டதாகக் கூறுவதில் எந்த மருத்துவனுக்கும் பெருமையில்லை.

கைவிடப்பட்டோர் எப்படியும் இறந்திருப்பார்கள்தானே எனக் கேட்கப்படலாம். இவ்வினாவுக்கு விடை 1999 இலேயே கிடைத்துவிட்டது. மாரடைப்பின்பின் அதிர்ச்சிநிலையடைந்த 302 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்குப் பலூன் அல்லது பைபாஸ் மூலம் உடனடியாகக் குருதியோட்டத்தை மீட்டும், மற்றச் சாராருக்கு முதலில் மருந்துகளால் நிலைப்படுத்தியும் சிகிச்சையளித்த ஆய்வு அவ்வாண்டு வெளியிடப்பட்டது. 30 நாள் முடிவில் இறந்தோர் முறையே 46.7 சதவீதம், 56.0 சதவீதம், இவ்வேறுபாடு புள்ளிவிபரவியல் நோக்கில் உறுதியானதன்று. ஆறு மாத முடிவிலே 50.3 சதவீதம், 63.1 சதவீதம், இது உறுதியானது. அஃதாவது, இத்தகைய நூறு பேருக்கு உடனடிச் சிகிச்சை அளித்தால் ஏறத்தாழப் பதின்மூவர் மேலதிகமாக உயிர்வாழ்வர்.

இந்நூறு பேரையும் இரண்டு ஏடுகளிற் பதிந்து பார்த்தல் தகும். நோயாளரின் ஏட்டிலே, சிகிச்சை செய்தால் ஐம்பது இறப்பு, செய்யாவிட்டால் அறுபத்துமூன்று. வைத்தியரின் ஏட்டிலே, சிகிச்சை செய்தால் ஐம்பது இறப்பு, செய்யாவிட்டால் ஓர் இறப்புமில்லை. சிகிச்சை செய்யப்படாத நோயாளி செயல்முறைப் பதிவேட்டில் நோயாளியேயல்லர். அவரது மரணம் எவரது கணக்கிலும் வைக்கப்படுவதில்லை. அவரைத் தொடாதுவிட்டவரின் வீதம் மாசற்றதாகவே விளங்கும். நோயாளரின் ஏடும் வைத்தியரின் ஏடும் எதிரெதிர்த் திசையிற் செல்லுமாறு அமைக்கப்பட்ட ஒரு முறைமையிலே, நேர்மையாளரான மருத்துவரிடமிருந்துகூட ஒவ்வொரு நாளும் தியாகம் எதிர்பார்க்கப்படுகின்றது. தியாகத்தை நம்பி இயங்கும் முறைமை நெடுங்காலம் நிலைப்பதில்லை.

இங்கு இடர்ப்புள்ளி அடைந்த மாற்றம் கவனத்திற்குரியது. ஆபத்து மிக்கவரை அடையாளங்காட்டி அவர்மீது கூடிய கவனத்தைத் திருப்புவதற்காக ஆக்கப்பட்ட கருவி, அதே ஆளை அடையாளங்கண்டு விலக்குவதற்கான கருவியாயிற்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே இறப்பு வீதம் மிகையானதென அடையாளங்காணப்பட்ட வைத்தியசாலைகளில் அதன்பின்னர் எடுக்கப்பட்ட நோயாளரின் முற்கணிக்கப்பட்ட இடர் குறைந்துசென்றதென 2013 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குற்றஞ்சாட்டப்பட்ட வைத்தியசாலைகளுக்கு எளிதில் அகப்பட்ட வழி, இடர் குறைந்த நோயாளரைத் தேர்ந்துகொள்வதாக இருந்தது.

இதற்கு மறுதலையான முரண்பாடொன்றும் உண்டு. மாரடைப்பின்றி, நிலையான நெஞ்சுவலியுடன் வரும் நோயாளரின் இடர்ப்புள்ளி பெரும்பாலும் தாழ்ந்தது. அவர்களைச் சிகிச்சை மேசைக்கு எடுப்பதில் எவருக்கும் தயக்கமில்லை. ஆயின் அத்தகைய 2,287 நோயாளரை ஆராய்ந்து 2007 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, சிறந்த மருந்துச் சிகிச்சையோடு ஸ்ரென்ற் சிகிச்சையைச் சேர்ப்பதனால் இறப்போ மாரடைப்போ குறைவதில்லை எனக் கண்டது. நெஞ்சுவலி தணிதல் ஒரு பயனே. எனினும் உயிர்காத்தல் வேறு, வலிதணித்தல் வேறு. ஆகவே இடர்ப்புள்ளியை மட்டும் வழிகாட்டியாகக் கொள்ளும் முறைமையிலே, உயிர்ப்பயன் குறைந்தோருக்குக் கதவு அகலத் திறந்திருக்க, உயிர்ப்பயன் மிகுந்தோருக்கு அது பாதி சாத்தப்பட்டிருக்கின்றது.

5

இவ்விமரிசனத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படுவதுண்டு. இடர்ச் சீராக்கம் செய்யப்படுவதால் கடும் நோயாளரை ஏற்போர் தண்டிக்கப்படுவதில்லை என்பது முதலாவது. கோட்பாட்டளவில் இது சரியானதே. ஆனால் எந்தப் புள்ளிமுறையும் எல்லாவற்றையும் எண்ணுவதில்லை. உடல் தளர்ந்து எலும்புந் தோலுமானவர், நெடுநேரம் இதயம் நின்று மீட்கப்பட்டவர், புற்றுநோயால் நலிந்தவர் ஆகியோரின் உண்மை நிலையை ஏழெட்டு விபரங்கள் உணர்த்தமாட்டா. அன்றியும் ஆண்டொன்றுக்குச் சில நூறு சிகிச்சைகளைச் செய்யும் ஒருவரின் ஏட்டிலே இரண்டு இறப்புகள் கூடுதலாக நேர்வது தற்செயலாகவும் இருக்கலாம். தற்செயலையும் திறமையின்மையையும் வேறுபடுத்தும் ஆற்றல் அச்சிறு எண்களுக்கு இல்லை. இதனை நன்குணர்ந்த மருத்துவருக்குச் சீராக்கம் என்ற சொல் ஆறுதலளிப்பதில்லை. மேற்கூறிய கருத்தாய்விலே 85 சதவீதத்தினர், கடும் நோயாளரை ஏற்போர் பாதிக்கப்படாமற் காப்பதற்குச் சீராக்கமுறைகள் போதா என்றே கருதினர்.

2012 இல் வெளிவந்த விரிவான ஆய்வு இரண்டாவது மறுப்புக்கு ஆதாரமாகின்றது. அறிக்கை வெளியிடும் மூன்று மாநிலங்களில் மாரடைப்புற்ற முதியோருள் 37.7 சதவீதத்தினரும், வெளியிடாத மாநிலங்களில் 42.7 சதவீதத்தினரும் முடியுருநாடிச் சிகிச்சை பெற்றனர். எனினும் மொத்த இறப்பு வீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே விலக்கப்பட்டோர் எதையும் இழக்கவில்லை என்று சிலர் முடிவுகட்டுவர். இம்முடிவு அவசரமானது. விலக்கப்பட்டோருட் சிலருக்குச் சிகிச்சை தேவையற்றதாகவும் வேறு சிலருக்கு இன்றியமையாததாகவும் இருந்திருக்கலாம். இரண்டையும் கலந்த சராசரி இருவரையும் மறைத்துவிடும். அன்றியும் அறிக்கை உயிர்காக்கும் என்று கூறியே மக்களிடம் கொண்டுவரப்பட்டது. உயிரிழப்பு மொத்தத்திற் கூடவில்லை என்பது அவ்வாக்குறுதியை நிறைவேற்றியதாகாது.

இவ்விவாதத்தைத் தெளிவிக்க நியூயோர்க்கின் பின்னைய வரலாறே போதுமானது. 2006 இல் அம்மாநிலம் அதிர்ச்சிநிலை நோயாளரைப் பகிரங்க அறிக்கையிலிருந்து நீக்கியது. அதன்பின் அத்தகைய நோயாளருள் முடியுருநாடிச் சிகிச்சை பெற்றோரின் விகிதம் அங்கு உயர்ந்ததென்றும், வைத்தியசாலையில் அவர்களது இறப்பு ஒப்பீட்டு மாநிலங்களிலும் பார்க்க விரைவாகக் குறைந்ததென்றும் 2016 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மருத்துவர் மாறவில்லை, நாடியின் இயல்பும் மாறவில்லை. கணக்கு மாறியது; அதனோடு சிகிச்சையும் மாறியது. முன்னர் விலக்கப்பட்டோர் எதையும் இழக்கவில்லை என்ற வாதத்தை இதன்பின்னரும் நிலைநாட்டுதல் கடினம்.

அவ்வாறாயின் எண்களை மறைத்துவிடுவதா என்பது மூன்றாவது மறுப்பு. ஒருபோதும் இல்லை. பிறிஸ்ரல் தரும் பாடம் அழியத்தக்கதன்று. எண்களை வெறுத்துப் பழைய மௌனத்துக்குத் திரும்ப விரும்பும் மருத்துவ உயர்குழாத்தினர்க்கு இவ்விமரிசனத்திற் புகலிடமில்லை. எண்ணை யார் கையில், எவ்வேளையில், எவ்வினாவுக்கு விடையாகக் கொடுப்பது என்பதே விவாதப்பொருள்.

6

எண் நோயாளியின் பக்கம் நின்றால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. நிறமருந்தினாற் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பைக் கணிக்கும் முறையொன்று 2004 இல் மெஹ்ரான் முதலியோரால் வெளியிடப்பட்டது. வயது, நீரிழிவு, குருதிச்சோகை, இதயச் செயலிழப்பு முதலியவற்றுடன் பயன்படுத்தப்படும் நிறமருந்தின் அளவையும் அது கணக்கிலெடுக்கின்றது. மிகக் குறைந்த புள்ளி பெற்றோரிற் பாதிப்பு 7.5 சதவீதம், மிகக் கூடிய புள்ளி பெற்றோரில் 57.3 சதவீதம். இப்புள்ளி கூறும் செய்தி ஆளை விலக்கு என்பதன்று. முன்கூட்டியே உடலில் நீர்ச்சத்தைப் பேணு, நிறமருந்தைக் குறை, சிகிச்சையின்பின் கிரியேற்றினினைக் கவனி என்பனவே அது இடும் கட்டளைகள். நோயாளியின் வயதை மாற்றவியலாது. மருந்தின் அளவை மாற்றலாம். மாற்றத்தக்கதைச் சுட்டிக்காட்டும் கணிப்பே பயனுள்ள கணிப்பு.

குருதிப்பெருக்குப் பற்றிய வரலாறு இன்னும் தெளிவானது. குருதிப்பெருக்கைத் தவிர்க்கும் வழிமுறைகள், அவ்வாபத்து மிகுந்த நோயாளரிடத்தே குறைவாகவும், ஆபத்துக் குறைந்தோரிடத்தே கூடுதலாகவும் பயன்படுத்தப்பட்டமை 2010 இல் அமெரிக்கத் தேசியப் பதிவேட்டினின்று தெரியவந்தது. தீய எண்ணம் இதற்குக் காரணமன்று. யாருக்கு எவ்வளவு ஆபத்து என்பது சிகிச்சை தொடங்கும் வேளையில் மருத்துவரின் கண்முன் இல்லாமையே பெரிதும் காரணமெனலாம். பின்னர் ஒன்பது அமெரிக்க வைத்தியசாலைகளிலே, ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கேயுரிய குருதிப்பெருக்கு வாய்ப்பைக் கணித்து, அவர் கையொப்பமிடும் சம்மதப் பத்திரத்திலேயே அச்சிட்டுக் கொடுக்கும் முறை புகுத்தப்பட்டது. 2015 இல் வெளியான முடிவுகளின்படி, ஆபத்து மிக்கோருக்குத் தடுப்புவழிகள் கூடுதலாகக் கிடைத்தன, குருதிப்பெருக்கு 1.7 சதவீதத்திலிருந்து 1.0 சதவீதமாகக் குறைந்தது. முன்பின் ஒப்பீடாகையால் இதனை முற்றுமுடிந்த நிறுவலாகக் கொள்ளவியலாது. எனினும் திசை தெளிவானது. அதே புள்ளிவிபரவியல், அதே பதிவேடு. ஓரிடத்தில் எண் ஆண்டறிக்கையிற் குடியேறியது. மற்றோரிடத்திற் கட்டிலருகே வந்தது. ஓரிடத்தில் நோயாளர் விலக்கப்பட்டனர், மற்றோரிடத்திற் பாதுகாக்கப்பட்டனர்.

இவற்றிலிருந்து மூன்று கோரிக்கைகள் இயல்பாகவே எழுகின்றன. ஒன்று, இடர்க்கணிப்பு நோயாளிக்குச் சிகிச்சைக்கு முன்னரே, அவருக்கு விளங்கும் மொழியில் கூறப்படல் வேண்டும்; "செய்தால்" என்ற நிரலுக்கருகில் "செய்யாவிட்டால்" என்ற நிரலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது நிரலில் துல்லியமான எண் இல்லாதவிடத்து, மருத்துவரின் மதிப்பீடாவது அங்கே வெளிப்படையாக எழுதப்படல் வேண்டும். இரண்டு, பதிவேடுகள் சிகிச்சை பெற்றோரோடு நின்றுவிடலாகாது. சிகிச்சைக்கு எடுக்கப்படாதோரும், எடுக்கப்படாமைக்கான காரணமும், அவர்களுக்கு நேர்ந்த முடிவும் பதியப்படல் வேண்டும். மூன்று, மக்களுக்குக் காட்டப்படும் கணக்கு செயல்முறையின் கணக்காகவன்றி நோயின் கணக்காக அமைதல் வேண்டும். மாரடைப்புடன் வாசலுக்கு வந்த யாவருள்ளும் எத்தனை பேர் உயிருடன் வீடு திரும்பினர் என்பதே கேட்கத்தக்க வினா. இது கனவன்று. அமெரிக்க மெடிகெயர் திட்டம் 2007 இலேயே மாரடைப்பு நோயாளரின் 30 நாள் இறப்பு வீதத்தை, அவர்கள் ஸ்ரென்ற் பெற்றனரா இல்லையா என்ற வேறுபாடின்றி, வைத்தியசாலைவாரியாக வெளியிடத் தொடங்கியது. அத்தகைய கணக்கிலே ஆளை விலக்குவதால் எவருக்கும் இலாபமில்லை. விலக்கப்பட்டவரும் அதே ஏட்டிலேயே இறக்கின்றார்.

7

பிறநாட்டு அனுபவம் இங்கு எதற்கு எனக் கேட்போர்க்கும் விடையுண்டு. இலங்கையையும் உள்ளடக்கிய தென்னாசிய நாடுகளில் முதன்முறை மாரடைப்பு நிகழும் சராசரி வயது 53 என்றும், ஏனைய நாடுகளில் அது 58.8 என்றும் 2007 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. வயதே பெரும்பாலான புள்ளிமுறைகளில் வலுமிக்க கூறாகும். ஓரிடத்து மக்களின் அனுபவத்திற் செய்யப்பட்ட அளவுகோல் வேறிடத்து மக்களுக்கு அப்படியே பொருந்துமெனக் கொள்ளுதல் அறிவியலுக்கு ஒவ்வாது. அவ்விடத்திலேயே சோதித்துத் திருத்திய பின்னரே அதனை ஏற்றல் முறை. அளவுகோல் வந்துசேருமிடத்து அதனைப் பயன்படுத்தும் பழக்கமும் உடன்வரும். பதிவேட்டைப் புதிதாகத் தொடங்கும் எந்த நாடும் முதல் நாளிலேயே தீர்மானிக்கவேண்டியது, எத்தனை நிரல்கள் என்பதையன்று. எந்த நோயாளரும் ஏட்டுக்கு வெளியே நிறுத்தப்படாதிருப்பதற்கான வழி என்ன என்பதையே.

இது மருத்துவ பீடத்துக்கு மட்டும் உரிய பிரச்சினையுமன்று. அளவுகோலை ஆக்குபவர் புள்ளிவிபரவியலாளர். ஏட்டை வடிவமைப்பவர் நிருவாகி. அறிக்கையை மக்களிடம் கொண்டுசெல்பவர் பத்திரிகையாளர். அதனை வாசித்து முடிவெடுப்பவர் நோயாளியின் பிள்ளைகள். இவர்களுள் எவரும், குறைந்த இறப்பு வீதத்தைக் கண்டவுடன் பாராட்டுவதற்கு முன், யார் எண்ணப்படவில்லை என்று கேட்கப் பழகுவாராயின், நியூயோர்க்கிலே பல்லாண்டுகளாக நேர்ந்த தவறு வேறோரிடத்தில் மீண்டும் நிகழ இடமிராது. ஆபத்தை அளப்பது ஆபத்திலிருப்பவரைக் காப்பதற்கே. அந்நோக்கத்தை மறந்த எண், எத்துணைத் துல்லியமாயினும், மருத்துவத்துக்குரியதன்று.